நடுப்பாலத்தில் இரண்டு கார்கள்

மாமி,

மழை தொடங்கிவிட்டது. என் காருக்குள் மறுபடியும் பெருங்காய வாசனை. வெயில் காலம் முழுவதும் எங்கேயோ ஒளிந்திருந்துவிட்டு, முதல் மழை பெய்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றினால் போதும், பின் சீட்டுக்கு அடியிலிருந்து எழுந்து வந்துவிடுகிறது. நேற்று கடையிலிருந்து என்னோடு வந்த பெண், எங்கள் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள், மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, வண்டியில சாம்பார் கொட்டிச்சா?"

"சாம்பார் இல்ல. ஒரு கல்யாணம் கொட்டிச்சு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. சொல்ல ஆரம்பித்தால் கழக்கூட்டம் வரை ஓட்டிக்கொண்டு போனாலும் முடியாத கதை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். நீங்கள் இருந்திருந்தால் என்னைப் பாதிகூடச் சொல்ல விட்டிருக்க மாட்டீர்கள். "அப்படி இல்லைடீ, நான் சொல்றேன் கேளு" என்று நடுவில் புகுந்திருப்பீர்கள். முதல் தடவையாக நான் முழுதாகச் சொல்லப் போகிறேன்.

பழைய பாலத்தைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ராஜா காலத்தில், எதிரே இன்னொரு வண்டி வரும் என்ற யோசனையே இல்லாத யாரோ கட்டியது. கரமனையாற்றின் மேல் ஒற்றை வண்டி போகிற அகலத்தில், நடுவில் முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இந்தக் கரையில் ஏறுகிறவருக்கு அந்தக் கரையில் ஏறுகிறவர் கண்ணில் படமாட்டார். இருவரும் உச்சிக்கு வந்த பிறகுதான் முகத்துக்கு முகம் பார்ப்பார்கள். அப்புறம் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். யார் என்பதில்தான் எங்கள் ஊரின் கட்சி, வயது, வீம்பு எல்லாம் வெளியே வரும்.

என் கரையில் வீடுகள், தென்னந்தோப்பு, சர்ச். உங்கள் கரையில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாலை பஜார், ரயில், பஸ் ஸ்டாண்ட் எல்லாம். பிறக்கவும் படிக்கவும் சம்பாதிக்கவும் நாங்கள் அந்த முதுகில் ஏறி இறங்கியாக வேண்டும். அதை விட்டால் நெடுஞ்சாலைப் பாலம்தான். அங்கே சுற்றிக்கொண்டு போனால் காலையில் வைத்த பூ கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் வாடிவிடும்.

நான் அப்போது லைசென்ஸ் வாங்கிய சூடு ஆறாதவள். சாலை பஜாரில் பருப்பு மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கிற வேலை. பஸ்ஸில் தொங்கியது போதும் என்று, வீட்டுக்காரர் பழைய கார் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். வாங்கிக் கொடுத்ததோடு சரி, பக்கத்தில் உட்கார அவருக்குத் துணிச்சல் இல்லை. நீங்களோ ஸ்ரீவராகத்திலிருந்து தினமும் எங்கள் கரையில் இருந்த தம்பி வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர். தம்பி மனைவியை இழந்தவர், சர்க்கரைக்காரர், வெந்நீர் வைக்கச் சொன்னாலும் பாத்திரத்தைக் கருக்குகிறவர். மாமா போன பிறகு ஷெட்டில் நின்ற வெள்ளை மாருதியை விற்கச் சொன்னவர்களிடமெல்லாம் "வித்தா அவர் கோச்சுப்பார்" என்று சொல்லிவிட்டு, ஐம்பதைத் தாண்டிய வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தவர் நீங்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று காலையில் பாலத்தின் உச்சியில் எனக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைக் கார். அதற்குள், ஸ்டீரிங்குக்குக் கொஞ்சம் மேலே, ஒரு மூக்குத்தி.

நான் ஹாரன் அடித்தேன். நீங்களும் அடித்தீர்கள். நான் காத்திருந்தேன். நீங்களும் காத்திருந்தீர்கள். கடைசியில் நீங்கள் இறங்கி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தீர்கள்.

"கொஞ்சம் பின்னாடி எடுத்துக்கறேளா? சாதம் ஆறிடும்."

"நான்தான் முதல்ல ஏறினேன். எனக்குப் பின்னால பஸ் நிக்குதுல்லா. நீங்க எடுங்க."

"எனக்குப் பின்னாடி வாழைக்குலை டெம்போ நிக்கறது."

பஸ் கண்டக்டர் இறங்கி வந்தார். இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, பஸ் பின்வாங்காது என்று நீதிபதி மாதிரி தீர்ப்புச் சொன்னார். "பஸ் பொறகோட்டு போகில்லா. மாமியுடெ வண்டி எடுக்கணும்." அந்தப் பக்கத்து டெம்போவும் ஆட்டோக்களும் முணுமுணுத்துக்கொண்டே பின்வாங்கி உங்களுக்கு வழிவிட்டன. பாதை காலி. நீங்கள் மட்டும் என் ஜன்னலை விட்டு நகரவில்லை. குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னீர்கள்.

"இங்கே பாருங்கோ. வெளியில சொல்லப்படாது. எனக்கு ரிவர்ஸ் வராது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "எனக்கும் வராது மாமி."

"அப்போ லைசென்ஸ்?"

"கம்பி பாத்துத்தான்."

உங்கள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பிறந்த வீட்டு மனுஷியைச் சந்தையில் கண்டதுபோல என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

கேரளத்தில் கார் லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு இது புரியும். மைதானத்தில் கம்பிகளை நட்டு, அவற்றுக்கு நடுவே 'எச்' எழுத்துப் போல முன்னாலும் பின்னாலும் ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். சொல்லித்தருகிறவர் வண்டியைச் சொல்லித்தரமாட்டார், கம்பியைச் சொல்லித்தருவார். இரண்டாவது கம்பி கண்ணாடியில் தெரிந்தால் முழுக்க ஒடி, மூன்றாவது கம்பி மறைந்தால் நேராக்கு. நாங்களும் மனப்பாடம் செய்து, ஓட்டி, பாஸாகி, உலகத்தில் எல்லா இடத்திலும் கம்பி நட்டிருப்பார்கள் என்ற நம்பிக்கையில் ரோட்டுக்கு வந்துவிட்டோம்.

கண்டக்டர் தானே காரை எடுத்துத் தருவதாகச் சொன்னார். நீங்கள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டீர்கள். "அவர் ஓட்டின வண்டி. இன்னொருத்தர் தொடப்படாது." அப்புறம் இடுப்பில் கைவைத்து, வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தீர்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள், மீன்காரர், லாட்டரி விற்கிறவர், எங்கள் சர்ச் உபதேசியார். உங்கள் கண் அவர்களை அளந்துகொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியவில்லை.

"கம்பிதானே வேணும்?" என்றீர்கள்.

மீன்காரரைக் கூடையோடு கைப்பிடிச் சுவரோரம் நிறுத்தினீர்கள். எதிரே உபதேசியாரை நிறுத்தினீர்கள். அவர் பைபிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஞானஸ்நானத்துக்கு நிற்பவர் மாதிரி நின்றார். அந்த நேரத்தில்தான் தகராறைத் தீர்த்துவைக்க வார்டு மெம்பர் கஞ்சி போட்டு மொறமொறத்த வேட்டியோடு வந்து சேர்ந்தார். "எந்தா பிரஸ்னம்?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நீங்கள் அவர் தோளைப் பிடித்து நகர்த்தி, சரிவு முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டீர்கள்.

"நீங்க மூணாவது கம்பி. அசையப்படாது."

"ஞான் மெம்பராணு."

"அது எலெக்ஷனுக்கு. இப்போ கம்பி."

அவர் நின்றார். வேறு என்ன செய்வார்? கூட்டத்தில் பாதிப்பேர் அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள், மீதிப்பேர் போடாதவர்கள். இரண்டு தரப்பும் பார்த்துக்கொண்டிருந்தது.

நீங்கள் ஏறி உட்கார்ந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, கியரைப் பின்னால் தள்ளினீர்கள். கார் மெதுவாக, யானை படியிறங்குவதுபோலப் பின்னால் இறங்கியது. மீன்காரரைத் தாண்டியது. உபதேசியாரைத் தாண்டியது. மெம்பருக்கு எதிரே நாலாவது கம்பியாக நின்ற லாட்டரிக்காரர் தும்மினார். நீங்கள் பிரேக்கை மிதித்து, தலையை வெளியே நீட்டி, "கம்பி தும்மப்படாது!" என்று அதட்டினீர்கள். மெம்பர் கண்ணாடியில் தெரிந்ததும் ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தீர்கள். அவர் வேட்டி நுனியில்கூடப் படாமல் கார் திரும்பி, ஓரத்தில், அளவெடுத்ததுபோல் போய் நின்றது. பஸ்ஸுக்குள்ளிருந்தவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். கண்டக்டர் விசில் அடித்தார். நான் இறங்கி வந்து உங்கள் பக்கத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தினேன். நீங்கள் என் பெயரையும் போன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள்.

மறுநாள் காலையில் போன். "கிரேசு, நான் ஏறப் போறேன். நீ எங்கே இருக்கே?"

"வீட்டு வாசல்ல மாமி."

"அங்கேயே நில்லு. நான் எறங்கினப்புறம் சொல்றேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ஏறட்டுமா, ஏறு என்ற ஒரு வாக்கியம். அப்புறம் தம்பியின் சர்க்கரை, என் மாமியாரின் முழங்கால், பெங்களூரில் இருந்த உங்கள் மகள் வாங்கிய மிக்ஸி. பாலத்தில் ஏறுவதற்கு முன் பேசுகிற போன் பாலத்தைவிட நீளமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சர்ச் முடிந்து வருவேன், நீங்கள் தம்பிக்குப் பரிமாறிவிட்டு வருவீர்கள். ஆற்றங்கரை மைதானத்தில் தண்ணீர் பாட்டில்களை நட்டுவைத்து ரிவர்ஸ் பழகினோம். கால்பந்து விளையாட வந்த பிள்ளைகள் எங்களுக்காக ஆட்டத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்கு எங்கள் ஆட்டம்தான் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

அப்புறம் அந்தப் பெருமழை வந்தது. ஆறு பாலத்தின் வயிற்றைத் தொட்டுக்கொண்டு ஓடியது. வெள்ளம் வடிந்தபோது நடுத்தூண் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. இரண்டு முனையிலும் இரும்புக் குழாயைக் குறுக்கே வைத்து அடைத்தார்கள். மனிதர்கள் நடக்கலாம், வண்டிகள் போகக்கூடாது.

முதல் வாரம் எங்களுக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. பாலத்தின் நடுவில் ஒருவர் கப்பைக் கிழங்கு விற்றார். பிள்ளைகள் குழாயில் ஊஞ்சல் ஆடினார்கள். பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. எங்கள் கரைக்கு காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். கல்யாணமான ஒரு பெண்ணின் பீரோவை ஆறுபேர் தூக்கிக்கொண்டு வர, நடுவழியில் அதன் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டுத் தாத்தாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது யாரும் சிரிக்கவில்லை. என் கார் உங்கள் வாசலில் குடியேறியது. நான் காலையில் நடந்து வந்து அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவேன். நீங்கள் தூக்குப் பாத்திரத்தோடு எதிர்த்திசையில் நடந்து வருவீர்கள். நடுப்பாலத்தில் சந்தித்து, யாரும் பின்னால் போக வேண்டியில்லாமல், நின்று பேசினோம்.

ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வந்தது. குழாய் துருப்பிடித்தது. வாசகசாலையில் கூட்டம் போட்டார்கள். பொறியாளர் வந்து, ஃபைல் மேலே போயிருக்கிறது, அங்கிருந்து கீழே வந்தது, திரும்பவும் மேலே போயிருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். நீங்கள் பெண்கள் வரிசையிலிருந்து எழுந்தீர்கள்.

"சார், ஒரு சந்தேகம். பாலம் இல்லாம அந்த ஃபைல் மாத்திரம் எப்படி இப்படிப் போயிட்டுப் போயிட்டு வர்றது?"

மெம்பர்தான் முதலில் சிரித்தார். பொறியாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆனால் ஃபைல் அதன் பாட்டுக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தது.

அந்த ஆண்டு ஆவணியில், வெளியூரில் வேலையிலிருந்த உங்கள் தம்பி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. நீங்கள்தான் எல்லாம். சாலை பஜாரில் என் காரை நிறுத்திவைத்து, கடை கடையாக ஏறி, நாலு ஊருக்குப் போதுமான சாமான் வாங்கினீர்கள். அதில் ஒரு பெரிய டப்பா பெருங்காயத்தூள். ஆற்றங்கரை முனையில், அத்தனை மாதமாக அங்கேயே இருந்த இரும்புக் குழாயை அன்றுதான் புதிதாகப் பார்ப்பவர் போல "குழாய்! குழாய்!" என்று கத்தினீர்கள். நான் பிரேக்கை மிதித்தேன். டப்பா உருண்டு மூடி திறந்தது. இருவரும் தும்மிக்கொண்டே கதவைத் திறந்து வெளியே குதித்தோம். "போறது விடு, நல்ல சகுனம்" என்றீர்கள், கண்ணீர் வழிய.

அழைப்பைப் பார்த்து எல்லோரும் குழம்பினார்கள். முகூர்த்தம் உங்கள் தெரு மண்டபத்தில். சாப்பாடு எங்கள் கரையில், தம்பி வீட்டுத் தோப்புப் பந்தலில். "ஏன் மாமி இப்படி?" என்று கேட்டேன். "இந்தப் பக்கம் எடம் கெடைக்கலைடீ. நான் என்ன பண்ணட்டும்?" என்றீர்கள். மெம்பரை அழைத்தீர்கள். பொறியாளரைக் குடும்பத்தோடு அழைத்தீர்கள். எம்.எல்.ஏ. வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு போய், அவர் மனைவியிடம் அடைப்பிரதமன் பாயசத்தின் பக்குவத்தை விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு வந்தீர்கள்.

தாலி கட்டி முடிந்தது. எல்லோருக்கும் நல்ல பசி. தெருவிலிருந்து ஆற்றுக்குப் போகிற வழியெல்லாம் பட்டுப்புடவையும் வேட்டியுமாக ஊர்வலம். பாலத்தில் கால் வைத்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சம்பந்தி வீட்டார் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ஆற்றைத் திட்டினார்கள். பொறியாளர் மாட்டிக்கொண்டது உங்கள் தம்பியிடம். ஒரே குடையின் கீழ், இறங்கின தூணுக்கு நேர் மேலே நிறுத்தி, தம்பி தன் சர்க்கரை வியாதியின் வரலாற்றை ஆரம்பத்திலிருந்து சொன்னார். பொறியாளரின் சின்னப் பெண் "அப்பா, இந்தப் பாலம் ஏன் சரிஞ்சிருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

எம்.எல்.ஏ. காரைவிட்டு இறங்கவில்லை. நெடுஞ்சாலைப் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். நெடுஞ்சாலையில் அன்று என்ன நெரிசலோ, அவர் பந்தலுக்கு வந்தபோது கடைசிப் பந்தி கைகழுவிக்கொண்டிருந்தது. நீங்களே அவருக்கு இலைபோட்டுப் பரிமாறினீர்கள். சாதம், ரசம், கொஞ்சம் கூட்டு. அவர் பிரதமனுக்காக இலையின் ஒரு பக்கத்தைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"பிரதமன் தீர்ந்துடுத்து சார்" என்றீர்கள், நிஜமான துக்கத்தோடு. "பாலம் இருந்தா கெடைச்சிருக்கும்."

அவரே முதலில் சிரித்தார். பிறகுதான் மற்றவர்களுக்குச் சிரிக்கத் தைரியம் வந்தது.

சாயங்காலம் உங்களைக் கொண்டுவிட உங்கள் தெருவுக்கு வந்தபோது, மண்டபத்துக்குப் பின்னால் இருந்த ஊட்டுப்புரையைப் பார்த்தேன். முந்நூறு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற கூடம், சுத்தமாகப் பெருக்கி, வெறுமனே பூட்டிக் கிடந்தது. "எடம் கெடைக்கலைன்னீங்களே மாமி?" என்று கேட்டேன்.

"எடம் கெடைக்கலைன்னா சொன்னேன்? சாவி கெடைக்கலைன்னு சொல்லியிருப்பேன்" என்றீர்கள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல்.

அந்த விருந்தால்தான் பாலம் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். மெம்பர் நடையாய் நடந்தார். ஊரார் மறியல் செய்தார்கள். பொறியாளரும் அதன்பிறகு ஃபைலுக்குப் பின்னால் தானே போனார் என்று கேள்வி. எப்படியோ வேலை தொடங்கியது. பழைய பாலத்தை இடித்து, தூண் எழுப்பி, இரண்டு வண்டிகள் தாராளமாகப் போக, இரண்டு பக்கமும் நடைபாதையோடு புதுப்பாலம் நின்றது.

திறப்புவிழாவில் மேடையில் இருந்த ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார்கள். முன்வரிசையில் நீங்கள் தூங்கிவிட்டீர்கள். நான் இடித்து எழுப்பியபோது ரிப்பன் வெட்டி, பெரியவர்களின் கார்கள் வரிசையாகப் பாலத்தில் ஏறிவிட்டன. அதே நேரம் எதிர்க்கரையில் பொறுமை இழந்த ஒரு வாழைக்குலை டெம்போவும் ஏறிவிட்டது. போலீஸ்காரர் கையை நீட்டிக்கொண்டு ஓடினார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. நடுப்பாலத்தில் காரும் டெம்போவும் நெருங்கின. ஒன்றையொன்று தாண்டிப் போயின. அவ்வளவுதான். ஊரே கைதட்டியது. இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று தாண்டிப் போனதற்குக் கைதட்டிய ஊர் உலகத்தில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. நீங்கள் சத்தமாகவே அழுதீர்கள். கேட்டவர்களிடம் "புழுதி" என்றீர்கள். ஈரமான புதுத் தாரில் புழுதிக்கு வழியே இல்லை.

ஒரு மாதம் கழிந்து போனில் குறைப்பட்டுக்கொண்டீர்கள். "பாலம் நன்னாத்தான் இருக்கு. ஆனா சர்ருனு எல்லாரும் போயிடறா. ஒருத்தர் மூஞ்சியும் தெரியலை. நேத்து நீ என்னைத் தாண்டிப் போனே, நான் கையைக் காட்டறதுக்குள்ள சர்ச்சே வந்துடுத்து."

"இப்ப போன் பண்ண வேண்டியதே இல்லியே மாமி" என்றேன் விளையாட்டாக.

"ஏன், பாலம் கட்டினா வாயைக் கட்டணுமா?" என்று வைத்துவிட்டீர்கள். மறுநாள் வழக்கமான நேரத்துக்கு மணி அடித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் இன்னும் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. சர்ச்சிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன், போன். உங்கள் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. கொஞ்சம் மெதுவாக இருந்தது, அவ்வளவே.

"கிரேசு, பதறாதே. தம்பியாத்துலேர்ந்து பேசறேன். நெஞ்சை ஏதோ பண்றது. நீ வந்தா தேவலை. இவன் அழுதுண்டு நிக்கறான், இவனால பிரயோஜனம் இல்லை."

நான் வந்தபோது நீங்கள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தீர்கள். நெற்றி முழுக்க வியர்வை. காரில் ஏற்றி, தம்பியைப் பின்னால் தள்ளி, கிளம்பினேன்.

"சீட் பெல்ட் போடு" என்றீர்கள்.

"மாமி, பேசாம இருங்க."

"இண்டிகேட்டர் போடாம திரும்பறே."

"பேசக்கூடாது மாமி."

"அந்த ஆட்டோக்காரன் பேரில ஏத்திடாதே. என்னால ரெண்டு பாவம் தாங்காது."

பாலத்தில் ஏறினோம். எதிரே ஒரு பஸ் வந்தது. அது அதன் பாட்டுக்குப் போயிற்று. நாம் நம் பாட்டுக்குப் போனோம். யாரும் நிற்கவில்லை, யாரும் இறங்கவில்லை, யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. நான் ஒரு கையால் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது. "ரெண்டு கையாலயும் ஓட்டுடீ" என்று சொன்னபிறகு உங்களுக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் பாலம் எவ்வளவு சின்னது என்று அன்று தெரிந்துகொண்டேன். கண்ணிமைப்பதற்குள் அக்கரை.

கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் என்னிடமும் தம்பியிடமும் தனியாகச் சொன்னார். கண்விழித்ததும் உங்களிடமும் சொன்னார். நீங்கள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள். "நீங்க எங்கே இருக்கேள்? எங்க பாலத்துப் பக்கம் வந்திருக்கேளா? வந்து பார்க்கணும், நன்னா இருக்கும்."

அதற்குப் பிறகு உங்களுக்குக் கிடைத்த வருஷங்களை அந்தப் பாலம் தந்ததாகத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். தம்பி மகளுக்குப் பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டினீர்கள். தம்பிக்கு ஒருவழியாகச் சாதம் வைக்கக் கற்றுக்கொடுத்தீர்கள். கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் என் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து, காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தீர்கள். போன கர்க்கடக மாதத்தில், பகல் சாப்பாடு முடிந்து பாயில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வியாதி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, யாரையும் ஓடவைக்கவில்லை. உங்கள் மகள் வந்து சேரும்வரை தெருவே உங்கள் வாசலில் இருந்தது. மெம்பர் வந்தார். இப்போது அவர் மெம்பர் இல்லை, தோற்றுவிட்டார். சுவரோரமாக, எல்லாம் முடியும்வரை கம்பி மாதிரி அசையாமல் நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும்.

சென்ற வாரம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். சாலை பஜாரில் குடையும் பையும் வாங்க வந்த கூட்டத்தில் கார் நிறுத்த இடம் கிடைக்காது என்று பஸ்ஸில் போய்விட்டு, பஸ்ஸிலேயே திரும்பினேன். ஆற்றை நெருங்கும்போது கண்டக்டர், மீசை இப்போதுதான் முளைத்த ஒரு பையன், கம்பீரமாகக் குரல் கொடுத்தான்.

"மாமிப்பாலம்! மாமிப்பாலம் எறங்ஙானுண்டோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாலத்தின் முனையில் பளிங்குக் கல்லில் ஒரு பெரியவரின் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். தங்க எழுத்து. அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"என்ன பாலம் மோனே?"

"மாமிப்பாலம், சேச்சி. எல்லாவரும் அங்ஙனயா பறயுந்நே."

"ஏது மாமி?"

அவன் தோளைக் குலுக்கினான். "அறியில்லா. பண்டு ஏதோ ஒரு மாமி ஒண்டாயிருந்நு போலும்." அவ்வளவு சொல்லிவிட்டு, சில்லறை கொடுக்கப் பின்பக்கம் போய்விட்டான்.

உங்கள் பெயர்கூட அவனுக்குத் தெரியாது மாமி. உறவு மட்டும் தெரியும். நீங்கள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "நன்னா இருக்குடீ, போயும் போயும் பாலத்துக்கா நான் மாமி?" என்று கோபித்துக்கொண்டு, அன்று சாயங்காலமே அந்த ஸ்டாப்பில் நின்று நாலு பஸ்களில் ஏறி இறங்கிக் கேட்டுவிட்டு வந்திருப்பீர்கள்.

என் ஸ்டாப் அடுத்தது. அக்கரையில், சர்ச் வாசலில். ஆனாலும் எழுந்து இறங்கிவிட்டேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நடைபாதையில் மெதுவாக, இரண்டு பக்கமும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நடந்து வீட்டுக்கு வந்தேன்.

அதன்பிறகு ஆட்டோவில் ஏறினாலும், வீட்டுக்கு வருகிறவர்கள் போனில் வழி கேட்டாலும், நானும் அப்படியேதான் சொல்கிறேன். மாமிப்பாலம் தாண்டி, இடது பக்கம், சர்ச்சுக்கு அடுத்த வீடு. இதுவரை ஒருவரும் வழி தவறவில்லை.

உங்கள்
கிரேஸ்